எஃப்.எச். வகைச் சிறுநீரகப் புற்றுநோய்: ரிப்போர்ட்டில் எதைப் பார்ப்பது, வீட்டில் யாரை விசாரிப்பது

சிறுநீரகத்தில் கட்டி என்று ஸ்கேனில் வந்தவுடன் எல்லாரும் கேட்பது "எத்தனை சென்டிமீட்டர்?" என்றுதான். பெரும்பாலான சிறுநீரகக் கட்டிகளுக்கு அது நியாயமான கேள்வி. நான் எழுதப்போகிற வகைக்கு மட்டும் அந்தப் பதிலை நம்பக் கூடாது. மூன்று சென்டிமீட்டர்கூட இல்லாத கட்டி நிணநீர்க் கணுவுக்குப் போய்விடுகிற நோய் இது. ஃபியூமரேட் ஹைட்ரட்டேஸ் என்ற நொதி இல்லாமல் போவதால் வருவது. லேப்பில் சுருக்கமாக எஃப்.எச். என்போம். பரம்பரையாக வரும்போது அந்தக் குடும்ப நோய்க்கு எச்.எல்.ஆர்.சி.சி. என்று பெயர்.

நான் டாக்டர் இல்லை. புதுச்சேரியில் ஒரு பயாப்ஸி லேப்பில் டெக்னீஷியனாக இருந்து ரிட்டயர் ஆனவள். வேலைக் காலம் முழுக்க திசுவைப் பதித்து வைக்கும் மெழுகு பிளாக்கும் அதை மெல்லிசாகச் சீவும் மைக்ரோடோமும்தான். திசுவை வெட்டிச் சாயம் ஏற்றித் தருவது எங்கள் வேலை, பார்த்துச் சொல்வது பத்தாலஜிஸ்ட் வேலை. இந்த நோய் என் சித்தப்பா மகனுக்கு வந்தது. அதனால் லேப்பின் உள்ளேயும் தெரியும், வெளியே ஃபைலோடு காத்திருக்கும் பெஞ்சும் தெரியும். மருந்தை முடிவு செய்ய வேண்டியது உங்கள் டாக்டர். அவரிடம் எதைக் கேட்பது, எந்தக் காகிதத்தோடு போவது என்பதற்குத்தான் இது.

தம்பி கடலூர் முதுநகரில் ஐஸ் வியாபாரம் செய்கிறவன். அப்போது வயது 38. விலாவில் வலி வந்தபோது எங்கள் ஊர் வழக்கப்படி "கல்லுதான், வாழைத்தண்டுச் சாறு குடி" என்று பத்துப் பேர் சொன்னார்கள். ஸ்கேனில் கல் இல்லை, வலது சிறுநீரகத்தில் நான்கு சென்டிமீட்டர் கட்டி. முதலில் பார்த்த டாக்டர், சின்னதுதான், மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றார். எழுபது வயதுக்காரருக்கு அது சரியான யோசனையாகவே இருந்திருக்கலாம். முப்பத்தெட்டு வயதில் எனக்கு மனசு ஒப்பவில்லை. வேறு இடத்தில் காட்டினோம். சி.டி. எடுத்தார்கள், சிறுநீரகத்தையும் பக்கத்துக் கணுக்களையும் எடுத்தார்கள். ஒரு கணுவில் நோய் இருந்தது.

பயாப்ஸி ரிப்போர்ட்டில் எதைத் தேடுவது

ரிப்போர்ட் கையில் வந்ததும் கடைசி வரிக்குப் போங்கள். அங்கே "கிளியர் செல்" என்று இருந்தால் அது சிறுநீரகப் புற்றுநோயில் சுமார் முக்கால்வாசிப் பேருக்கு வருகிற வகை. இந்தக் கட்டுரையில் பாதி உங்களுக்குத் தேவைப்படாது. "பாப்பில்லரி, டைப் 2", "ட்யூபுலோசிஸ்டிக்", "கலெக்டிங் டக்ட்", "அன்கிளாசிஃபைடு, ஹை கிரேடு" என்று ஏதாவது இருந்து, ஆளுக்கும் வயது குறைவு என்றால் அங்கேதான் நிறுத்திப் படிக்க வேண்டும். எஃப்.எச். கட்டி இத்தனை வேஷமும் போடும். ஒரே கட்டியில் இரண்டு மூன்று அமைப்பு கலந்து கிடக்கும். பழைய நாட்களில் டைப் 2 பாப்பில்லரி என்று எழுதி மூடிய ஃபைல்களில் சில உண்மையில் இதுதான்.

உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் 2016-ல் இதற்குத் தனி இடம் கொடுத்தார்கள். 2022 பதிப்பில் பெயரை "ஃபியூமரேட் ஹைட்ரட்டேஸ் குறைபாடுள்ள ரீனல் செல் கார்சினோமா" என்று மாற்றினார்கள். பாப்பில்லரியில் டைப் 1, டைப் 2 என்று பிரிப்பதையும் அப்போதே விட்டுவிட்டார்கள். ஆகவே இன்றைக்கு ஒரு ரிப்போர்ட்டில் "டைப் 2" என்று மட்டும் எழுதி முடித்திருந்தால், மேற்கொண்டு கேட்க உங்களுக்கு நல்ல காரணம் இருக்கிறது.

மைக்ரோஸ்கோப்பில் பத்தாலஜிஸ்ட்டின் கண்ணில் படுவது செல்லின் உட்கரு. அதன் நடுவில் நியூக்ளியோலஸ் என்கிற புள்ளி பெரிதாக, செக்கச் செவேலென்று இருக்கும், சுற்றிலும் வெளிறிய வட்டம். அதைப் பார்த்துச் சந்தேகம் வந்தால் ஐ.எச்.சி. போடச் சொல்வார், அதாவது ஒரு குறிப்பிட்ட புரதம் திசுவில் இருக்கிறதா என்று காட்டும் சாயம். தம்பியின் பிளாக்கில் அந்த ஸ்லைடு வந்த அன்று பத்தாலஜிஸ்ட் என்னை உட்காரவைத்துக் காட்டினார். எஃப்.எச். புரதம் இருக்கிற இடத்தில் பழுப்பு நிறம் பொடிப்பொடியாக ஏறும். கட்டியின் நடுவே ஓடுகிற ரத்தக் குழாயின் சுவரில் அழகாகப் பழுப்பு. அதை ஒட்டியே கட்டிச் செல்கள், அடுக்கடுக்காக, ஒன்றில்கூட நிறம் இல்லை. வெறும் நீல உட்கருக்கள் மட்டும். ரத்தக் குழாய் நிறம் பிடித்திருப்பதால் சாயம் சரியாக வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம். கட்டியில் இல்லை என்பது உண்மையிலேயே இல்லை. ரிப்போர்ட்டில் இதை "எஃப்.எச். லாஸ்ட்" என்றோ "லாஸ் ஆஃப் எக்ஸ்பிரஷன்" என்றோ எழுதுவார்கள். "ரீடெய்ன்டு" என்றால் இருக்கிறது என்று பொருள்.

இதில் ஒரு நுணுக்கம். சில மரபணு மாற்றங்களில் புரதம் உருவாகும், ஆனால் வேலை செய்யாது. அப்போது எஃப்.எச். சாயம் பிடித்துவிடும். நோய் இல்லை என்று முடித்துவிடக் கூடாது. நொதி வேலை செய்யாதபோது ஃபியூமரேட் செல்லுக்குள் தேங்கி மற்றப் புரதங்களில் ஒட்டிக்கொள்ளும். அந்த ஒட்டலைக் காட்டும் சாயத்துக்கு 2எஸ்.சி. என்று பெயர். இங்கே கணக்கு தலைகீழ், நிறம் ஏறினால் நோய். எல்லா லேப்பிலும் கிடைக்காது. சந்தேகம் பலமாக இருந்தால் பெரிய மையத்துக்கு பிளாக்கை அனுப்பத்தான் வேண்டும். டாக்டரிடம் இப்படியே கேட்கலாம்: "சார், வயசு கம்மியா இருக்கு. இந்த பிளாக்ல எஃப்.எச். ஐ.எச்.சி. போட்டுப் பார்க்கலாமா? அது தெளிவா வரலைன்னா 2எஸ்.சி.க்கு எங்க அனுப்பலாம்?" யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்தாலும் பரவாயில்லை, கேளுங்கள்.

பிளாக் உங்களுடையது என்று நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது கருத்துக்கு வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால் லேப்பில் பிளாக்கோ சாயம் ஏற்றாத ஸ்லைடுகளோ தருவார்கள். கையெழுத்து வாங்குவார்கள், திரும்பக் கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள். எடுத்துப் போகும்போது கவனம்: உள்ளே இருப்பது மெழுகு. கத்திரி வெயிலில் காரை நிறுத்திவிட்டு டேஷ்போர்டில் பிளாக்கை வைத்துவிட்டுச் சாப்பிடப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். கைப்பையில் துணி சுற்றி வையுங்கள். ஸ்லைடு என்றால் அதற்கான பிளாஸ்டிக் பெட்டி லேப்பிலேயே கேட்டால் கிடைக்கும். பிளாக்கின் மேல் பென்சிலால் எழுதியிருக்கும் எண்ணும் ரிப்போர்ட்டில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று கவுன்டரிலேயே பாருங்கள்.

கடலூரிலிருந்து வருகிறவர்களுக்குப் பக்கத்தில் இருப்பது கோரிமேட்டு ஜிப்மர். அங்கே மண்டலப் புற்றுநோய் மையம் உண்டு. மரபணு ஆலோசனைக்கு வேலூர் சி.எம்.சி.க்குப் போகிறவர்களும் உண்டு, சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்துக்குப் போகிறவர்களும் உண்டு. எங்கே போனாலும் சி.டி. ஸ்கேன் ரிப்போர்ட் மட்டும் போதாது, டிஸ்க்கிலோ பென்டிரைவிலோ முழுப் படமும் வேண்டும். அப்புறம் காப்பீட்டு அட்டை. கடலூர்க்காரர்களிடம் இருப்பது தமிழ்நாட்டு அட்டை, புதுச்சேரி வேறு ஆட்சிப் பகுதி. சேர்வதற்கு முன்னாலேயே காப்பீட்டு கவுன்டரில் கேட்டுவிடுங்கள், சேர்ந்த பிறகு கேட்டால் ஓட வேண்டியிருக்கும்.

ரத்தப் பரிசோதனை

கட்டியில் எஃப்.எச். இல்லை என்று தெரிந்தால் அடுத்து ரத்தத்தில் மரபணுவைப் பார்க்க வேண்டும். எஃப்.எச். மரபணு முதலாவது குரோமோசோமில் இருக்கிறது. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதி. ஒன்று பிறவியிலேயே பழுது, மற்றொன்று வாழ்க்கையில் ஏதோ ஒரு சிறுநீரகச் செல்லில் பழுதாகிவிட்டால் அங்கே கட்டி கிளம்புகிறது. இந்த மரபணுதான் காரணம் என்று கண்டுபிடித்தது 2002-ல். ஃபின்லாந்துக் குடும்பங்களை ஆராய்ந்ததில் தொடங்கிய வேலை அது.

சிறுநீரகப் புற்றுநோய் 46 வயதிலோ அதற்கு முன்போ வந்தால் மரபணு ஆலோசனை வேண்டும் என்பது அமெரிக்க வழிகாட்டு நெறிகளில் உள்ள விதி. இங்கேயும் பல மையங்கள் அதைப் பின்பற்றுகின்றன. பரிசோதனைக்குக் கொடுக்கும்போது ஒன்று கேளுங்கள்: மரபணுவுக்குள் இருக்கும் சின்னச் சின்ன எழுத்துப் பிழைகளை மட்டும் பார்க்கிறார்களா, மரபணுவின் ஒரு துண்டே காணாமல் போயிருப்பதையும் பார்க்கிறார்களா? இரண்டாவதைப் பார்க்காமல் "இல்லை" என்று வரும் ரிப்போர்ட் பாதி ரிப்போர்ட்தான்.

விடை நான்கு விதமாக வரலாம். "பேத்தோஜெனிக்" என்றால் நோயுண்டாக்கும் மாற்றம், பரம்பரை உறுதி. "லைக்லி பேத்தோஜெனிக்" என்றாலும் நடைமுறையில் அப்படியே நடத்துவார்கள். "வி.யு.எஸ்." என்றால் மாற்றம் இருக்கிறது, அதன் பொருள் இன்னும் முடிவாகவில்லை, இதை வைத்துக் குடும்பத்தில் யாருக்கும் ரத்தம் எடுத்து "உனக்கு உண்டு, உனக்கு இல்லை" என்று சொல்லக் கூடாது. ஆனால் கட்டியில் எஃப்.எச். போயிருக்கிறது என்ற ஐ.எச்.சி. ரிப்போர்ட்டை மரபணு டாக்டரிடம் காட்டினால் அந்த வி.யு.எஸ்.ஸை எடைபோட அவருக்கு உதவும், கட்டாயம் கொண்டுபோங்கள். நான்காவது, ரத்தத்தில் ஒன்றும் இல்லை. கட்டிக்குள் மட்டும் மரபணு பழுதாகி வருகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நோய் இதேதான், குடும்பத்துக்குத் தொடர்வதில்லை.

வீட்டுப் பெண்களிடம் கேட்பது

எனக்கு முக்கியமாகத் தோன்றுவது இந்தப் பகுதி. டாக்டர் "ஃபேமிலியில யாருக்காவது கேன்சர் இருக்கா?" என்று கேட்பார். ஆண்கள் உடனே "இல்ல சார்" என்பார்கள். தம்பியும் அதைத்தான் சொன்னான். ஆனால் இந்த மரபணு பெண்களிடம் பெரும்பாலும் புற்றுநோயாகத் தலைகாட்டுவதில்லை, கர்ப்பப்பைக் கட்டியாகத்தான் காட்டுகிறது. ஃபைப்ராய்டு. அதுவும் இருபதுகளிலும் முப்பதுகளின் தொடக்கத்திலும், ஒன்றல்ல, பல, பெரிது பெரிதாக, ரத்தப்போக்கு தாங்காமல் அறுவை சிகிச்சை வரை போகும். நம் குடும்பங்களில் கர்ப்பப்பை எடுத்த கதையை ஆண்களிடம் யார் சொல்கிறார்கள்? பெண்களுக்குள்ளேயே அரைகுறையாகத்தான் சொல்லிக்கொள்வார்கள்.

அதனால் விசாரிக்கப் போகிறவர் பெண்ணாக இருப்பது நல்லது. ஆண்கள் வெளியே போய் டீ குடித்துவிட்டு வரட்டும். "ஃபைப்ராய்டு இருந்ததா" என்று கேட்காதீர்கள், தெரியாது என்பார்கள். "தீட்டு அதிகமா இருந்துச்சா? எந்த வயசுல ஆபரேஷன் பண்ணாங்க? அப்ப கடைசிக் குழந்தைக்கு எத்தனை வயசு?" என்று கேளுங்கள். குழந்தையின் வயதை வைத்து வருஷத்தைக் கணக்குப் போட்டுவிடலாம்.

திருப்பாதிரிப்புலியூரில் அத்தை வீட்டுக்கு அப்படித்தான் போனேன். அத்தைக்கு முப்பத்திரண்டு வயதில் கர்ப்பப்பை எடுத்திருக்கிறார்கள், மகள் பிறந்து இரண்டு வருஷத்தில். "கொத்துக் கொத்தா கட்டின்னு சொன்னாங்க, அதுக்கப்புறம் நிம்மதி" என்றார். ஆயா, அதாவது அத்தையின் அம்மா, எப்படிப் போனார் என்று கேட்டேன். வயிற்றில் கட்டி, சிறுநீரில் ரத்தம், நாற்பதுகளில். அத்தைக்கு அப்போது விவரம் தெரியாத வயது. பிறகு நான், உடம்பில் எங்கேயாவது பருப் பருவாக உண்டா என்று கேட்டேன். அத்தை ரவிக்கைக் கையை மேலே ஏற்றிக் காட்டினார். தோளுக்குக் கீழே ஒரு உள்ளங்கை அளவு இடத்தில் பழுப்புச் சிவப்பில், மிளகு அளவிலும் அதைவிடப் பெரிதாகவும், கெட்டியான முடிச்சுகள். "பாலுண்ணின்னு விட்டுட்டேன். மார்கழியில தண்ணி பட்டா சுரீர்னு இழுக்கும், ஏசி பஸ்ல அந்தப் பக்கம் உட்கார மாட்டேன்" என்றார். அதுதான் லியோமயோமா என்கிற தோல் தசைக் கட்டி. குளிரும் தொடுதலும் பட்டால் வலிப்பது அதன் குணம். தோல் டாக்டர் ஒன்றை எடுத்து பயாப்ஸிக்கு அனுப்பினார், உறுதியானது.

இதையெல்லாம் ஒரு தாளில் வரையுங்கள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோய் உள்ளவருக்கு உள்ளே கறுப்பு. பக்கத்தில் என்ன நோய், எந்த வயதில். மூன்று தலைமுறை போதும். இந்த ஒரு தாளைப் பார்த்ததும் டாக்டரின் கேள்விகள் மாறுவதை நீங்களே பார்ப்பீர்கள்.

பயந்துவிடவும் வேண்டாம். ஃபைப்ராய்டு சர்வ சாதாரணம். நாற்பத்தைந்து வயதில் ஒரு கட்டி இருக்கிற எல்லாருக்கும் இந்த மரபணு கிடையாது. சின்ன வயது, பல கட்டிகள், தோலில் முடிச்சுகள், குடும்பத்தில் சிறுநீரகக் கட்டி, இவை சேர்ந்து வரும்போதுதான் யோசிக்க வேண்டும். குடும்பத்தில் யாராவது ஃபைப்ராய்டு எடுத்திருந்தால் அந்த பிளாக்கிலும் எஃப்.எச். சாயம் போடலாம். அங்கே "லாஸ்ட்" என்று வந்தாலும் அது ஒரு துப்புதான், ரத்தப் பரிசோதனைதான் முடிவு.

சொந்தத்தில் கல்யாணம்

மேல்நாட்டு வழிகாட்டிகளில் ஒரு வரியில் போய்விடுகிற விஷயம் நமக்குப் பெரியது. தம்பி கட்டியிருப்பது அத்தை மகளை. மரபணு ஆலோசகர் முதலில் கேட்டதே அதைத்தான். ஒரு பழுதான பிரதி இருந்தால் இந்தப் புற்றுநோய் அபாயம். கணவன் மனைவி இருவரிடமும் பழுது இருந்து குழந்தைக்கு இரண்டும் போய்விட்டால் அது வேறு நோய்: ஃபியூமரேஸ் குறைபாடு, குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கடுமையாகப் பாதிப்பது. ஒவ்வொரு கர்ப்பத்திலும் அதற்கு வாய்ப்பு நான்கில் ஒன்று. சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்கள் துணைக்கும் ரத்தம் பார்க்காமல் இருக்கவே கூடாது. தம்பி மனைவிக்கு "இல்லை" என்று வந்தது. அன்றைக்குத்தான் அத்தை ஒழுங்காகச் சாப்பிட்டார். குழந்தைக்கு இன்னும் திட்டமிடுகிற ஜோடிகள், கருவிலேயோ கருவை உள்ளே வைப்பதற்கு முன்போ பரிசோதிக்க முடியுமா என்று ஆலோசகரிடம் பேசலாம்.

உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும்

மாற்றம் உள்ளவரின் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர வாய்ப்பு பாதிக்குப் பாதி, ஆண் பெண் வித்தியாசம் இல்லை. வந்தாலும் எல்லாருக்கும் புற்றுநோய் வராது. ஆயுளில் ஏறக்குறைய 15 சதவீதம் பேருக்குச் சிறுநீரகப் புற்றுநோய் வருவதாக மதிப்பிடுகிறார்கள். ஆனால் பத்துப் பதினொரு வயதிலேயே வந்த குழந்தைகளும் பதிவில் இருப்பதால் எட்டு வயதிலிருந்தே வருஷா வருஷம் எம்.ஆர்.ஐ. என்று வைத்திருக்கிறார்கள்.

குடும்பத்தில் ஒருவருக்கு மாற்றம் கண்டுபிடித்துவிட்டால் மற்றவர்களுக்கு அந்த ஒரு இடத்தை மட்டும் பார்த்தால் போதும். செலவும் குறைவு. எனக்குப் பார்த்தார்கள், இல்லை. என் பிள்ளைகளுக்குத் தேவையும் இல்லை. அண்ணன் இன்னும் ரத்தம் கொடுக்க மறுக்கிறார். "எனக்கு இருக்குன்னு தெரிஞ்சா தூக்கம் போயிடும்" என்கிறார். அவர் இஷ்டம். பரிசோதனை வேண்டாம் என்கிறவர்கள், மாற்றம் இருப்பதாகவே எடுத்துக்கொண்டு எம்.ஆர்.ஐ.யை மட்டுமாவது தவறாமல் செய்ய வேண்டும் என்று ஆலோசகர் சொன்னார். அண்ணன் அதற்குச் சம்மதித்திருக்கிறார்.

எம்.ஆர்.ஐ. என்று சொன்னால் எம்.ஆர்.ஐ.தான். "அல்ட்ராசவுண்டு போதுமே, விலையும் கம்மி" என்று ஸ்கேன் சென்டரில் சொல்வார்கள். இந்தக் கட்டி அல்ட்ராசவுண்டில் சிறுநீரகத்தோடு ஒரே நிறமாகக் கலந்து கண்ணில் படாமல் போகலாம். கான்ட்ராஸ்ட் மருந்து ஊசியில் ஏற்றி, ஒன்றிலிருந்து மூன்று மில்லிமீட்டர் துண்டுகளாக எடுக்க வேண்டும். டாக்டரின் சீட்டில் அதை எழுதச் சொல்லி வாங்குங்கள், "எம்.ஆர்.ஐ. வயிறு" என்று மொட்டையாக இருந்தால் கனமான துண்டுகளில் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். பெண்களுக்கு இருபது வயதிலிருந்து வருஷம் ஒரு முறை மகப்பேறு டாக்டர், எல்லாருக்கும் தோல் டாக்டர்.

ஸ்கேனில் சிறுநீரகத்தில் திடமான கட்டி தெரிந்தால் காத்திருக்கக் கூடாது. வி.எச்.எல். என்ற வேறொரு பரம்பரைச் சிறுநீரக நோயில் கட்டி மூன்று சென்டிமீட்டர் ஆகும்வரை கவனித்துக்கொண்டிருப்பது வழக்கம், அது அந்த நோய்க்கு நல்ல விதி. இங்கே அந்த விதியைப் பொருத்தினால் ஆபத்து. சின்னதாக இருக்கும்போதே, சுற்றி நல்ல திசுவையும் தாராளமாக எடுத்து அறுவை செய்துவிட வேண்டும்.

இனி என்ன ஆகும் என்ற கேள்வி

எல்லாரும் இரவில் போனை எடுத்துத் தேடுவது இதைத்தான். அங்கே கிடைக்கும் ஐந்தாண்டுக் கணக்குகள் பெரும்பாலும் கிளியர் செல் நோயாளிகளிடமிருந்து வந்தவை, உங்களுக்குப் பொருந்தாது. செல்லின் தோற்றத்தை வைத்துப் போடும் கிரேடு எண்ணையும் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள். அந்த ஒன்று முதல் நான்கு வரையிலான அளவு கிளியர் செல்லுக்கும் பாப்பில்லரிக்கும் சரிபார்த்தது. எஃப்.எச். கட்டியில் நியூக்ளியோலஸ் எப்போதுமே பெரிதாக இருப்பதால் கிரேடு உயரமாகத்தான் வரும்.

விதியைத் தீர்மானிப்பது பரவல். டாக்டரிடம் இவற்றைக் கேளுங்கள்: கட்டி சிறுநீரகத்துக்குள்ளேயே இருந்ததா, ரத்தக் குழாய்க்குள் போனதா, எத்தனை கணு எடுத்தார்கள், எத்தனையில் நோய், வெட்டிய விளிம்பு சுத்தமா, நுரையீரல், ஈரல், எலும்பில் ஏதாவது இருக்கிறதா. இந்தக் கட்டி சர்க்கரையை அதிகமாக இழுப்பதால் பெட் ஸ்கேனில் நன்றாக எரிந்து தெரியும். தேவையா என்று கேட்கலாம். உள்ளேயே இருந்து முழுதாக எடுத்தவர்கள் பல வருஷம் நன்றாக இருப்பதுண்டு, ஆனாலும் திரும்பி வரலாம் என்பதால் ஸ்கேனை விடக் கூடாது. கணுவுக்குப் போயிருந்தால் திரும்பி வரும் வாய்ப்பு அதிகம். வேறு உறுப்புக்குப் போய்விட்டால் முற்றிலும் குணமாவது அரிது. அதன் பிறகு பேச வேண்டியது எவ்வளவு காலம் அடக்கி வைக்கலாம் என்பதைத்தான். கசப்பாக இருந்தாலும் இதை மழுப்பிச் சொல்கிற டாக்டரைவிட நேராகச் சொல்கிறவரே மேல் என்பது என் எண்ணம்.

பரவிய நோய்க்கு பெவாசிசுமாப் ஊசியும் எர்லோடினிப் மாத்திரையும் சேர்த்துக் கொடுப்பதை அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் மார்ஸ்டன் லைன்ஹானோடு பணியாற்றிய குழு சோதித்தது. எச்.எல்.ஆர்.சி.சி. நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குக் கட்டி கணிசமாகச் சுருங்கியது. நோய் மறுபடி வளராமல் இருந்த இடைநிலைக் காலம் சுமார் 21 மாதம். இந்த எண்ணைத் தவறாகப் படிக்கிறவர்கள் அதிகம். 21 மாதம் உயிரோடு இருப்பார் என்று அதற்கு அர்த்தமில்லை. பாதிப் பேருக்கு அதற்குள் நோய் மறுபடி அசைந்தது, மீதிப் பாதிப் பேருக்கு அதைத் தாண்டியும் அசையவில்லை. அசைந்த பிறகும் வேறு மருந்து உண்டு. உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் இம்யூனோதெரபி ஊசியோடு ரத்தக் குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் மாத்திரை சேர்ந்த சிகிச்சையும் இப்போது கொடுக்கிறார்கள், சிலருக்கு நன்றாகக் கேட்கிறது.

தம்பிக்கு அறுவைக்குப் பிறகு நுரையீரலில் புள்ளிகள் வந்தன. முதலில் சொன்ன பெவாசிசுமாப், எர்லோடினிப் இரட்டை மருந்தில்தான் இருக்கிறான். புள்ளிகள் சுருங்கியிருக்கின்றன, போய்விடவில்லை. ஐஸ் வண்டியில் இப்போது ஏறுவதில்லை, கணக்கு மட்டும் பார்க்கிறான். ஊசி இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, மாத்திரை தினமும் 150 மில்லிகிராம். மாத்திரையை வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ இரண்டு மணி நேரம் கழித்தோ போட வேண்டும். "கேஸ் மாத்திரை" என்று மெடிக்கலில் வாங்கிப் போடுகிற ஒமிப்பிரசோல் வகை இதன் வேலையைக் குறைக்கும், டாக்டரைக் கேட்காமல் கூடாது. பீடி, சிகரெட்டும் அப்படியே. முகத்திலும் மார்பிலும் முகப்பரு மாதிரி கொப்புளம் கிளம்பும், வயிற்றுப்போக்கு வரும். வெயிலில் போகும்போது முழுக்கைச் சட்டை. ஊசியால் ரத்த அழுத்தம் ஏறும், சிறுநீரில் புரதம் போகும், புண் ஆறத் தாமதமாகும். வீட்டில் ஒரு பி.பி. கருவி வாங்கி நோட்டில் எழுதுங்கள். பல் பிடுங்குவதாக இருந்தால்கூட முதலில் புற்றுநோய் டாக்டரிடம் சொல்லிவிட்டுத்தான்.

சொந்தக்காரர்களுக்குச் சொல்வது

மரபணு ரிப்போர்ட் வந்ததும் மற்றவர்களுக்குத் தெரிவிக்கும் பொறுப்பு உங்கள் தலையில்தான் விழும். டாக்டர் உங்கள் சித்தப்பாவுக்குப் போன் போட மாட்டார். நான் அனுப்பியதைத் தருகிறேன், வேண்டுமானால் மாற்றிக்கொள்ளுங்கள்:

"தம்பிக்கு வந்த சிறுநீரகக் கட்டி நம்ம குடும்பத்துல மரபணு வழியா வர்றதுன்னு ரத்தத்துல தெரிஞ்சிருக்கு. மரபணு பேரு எஃப்.எச். உங்களுக்கும் இருக்கான்னு ஒரு ரத்தப் பரிசோதனையில தெரிஞ்சுக்கலாம். இருந்தா நோய் வந்துடுச்சுன்னு அர்த்தம் இல்ல, வருஷம் ஒரு தடவ எம்.ஆர்.ஐ. எடுத்தா சீக்கிரம் கண்டுபிடிச்சிடலாம். தம்பி ரிப்போர்ட்டோட நகல் அனுப்புறேன், டாக்டர்கிட்ட அதக் காட்டுங்க. கூட வரணும்னா நான் வரேன்."

இதைக் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் போடாதீர்கள். கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிற வீடு ஒன்று அதில் இருக்கும், சம்பந்தி வீட்டாரும் சிலர் இருப்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, முடிந்தால் நேரில். ரிப்போர்ட் நகலில் மாற்றத்தின் பெயர் எழுதியிருக்கும் பக்கம் முழுதாகத் தெரிய வேண்டும். எண்ணும் எழுத்துமாகக் கலந்த அந்த ஒரு வரி இல்லாமல் எந்த லேப்பிலும் அந்த ஒரு இடத்தை மட்டும் பார்த்துத் தர முடியாது.